பாண்டி வேனுக்குக் கடைஞ்ச புல்லி

மம்சாபுரத்துக்கு ரோடு பிரியிற விலக்குல வேன் நின்னுபோச்சு. பிரேக் போட்டு நிக்கல. காலடியில 'டங்'குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். அதுக்கப்புறம் இன்ஜின் சத்தமும் இல்ல, பெல்ட் சத்தமும் இல்ல. வண்டி தன்னால உருண்டு ரோட்டோரப் புழுதியில போய் நின்னுச்சு.

அப்ப விடிஞ்சும் விடியாம இருந்துச்சு. வண்டிக்குள்ள ராஜபாளையத்து மில்லுக்கு வேலைக்குப் போற பொம்பளையாளுக, இருபது பேருக்குக் குறையாம. டிரைவர் சீட்டுல என் தம்பி பால்பாண்டி. அவன் பக்கத்துல, இன்ஜின் மூடி மேல சாக்கை மடிச்சுப் போட்டு உக்காந்திருந்தது நான்.

பாண்டி சாவியைத் திருப்பினான். உள்ள இரும்பும் இரும்பும் நறநறன்னு உரசுச்சு. வெடுக்குன்னு கையை எடுத்துட்டான்.

"ஏலே, என்னாச்சு?"

"செத்த நேரம் இரு, அக்கா."

அவன் குரலே சரியில்ல. டீசல் வாடையும் அந்தப் பிள்ளைக தலையில இருந்த மல்லிப்பூ வாடையும் கலந்து மூக்குல ஏறுச்சு.

"இந்த வாரம் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதுங்கக்கா"ன்னு பத்திரிகை ஆசிரியர் போன்ல சொன்னாரு. போன வாரம் எழுதுன கல்யாண வீட்டு கிரைண்டர் கதையைப் படிச்சு நெறையப் பேரு சிரிச்சாங்களாம். நல்லது. ஆனா இதை எழுதாம அடுத்ததை எழுத எனக்கு ஓடல. பட்டறையில உக்காந்தா இதுதான் கண்ணு முன்னால நிக்குது. அதனால இந்த வாரம் சிரிப்பு கிடையாது, பொறுத்துக்கிடுங்க.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்துல நான் லேத் பட்டறை வச்சிருக்கேன். இரும்போ பித்தளையோ அலுமினியமோ, கேட்ட அளவுக்குக் கடைஞ்சு குடுப்பேன். என் சொந்தப் பேரு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, 'லேத்தக்கா'ன்னாத் தெரியும். பாண்டி எனக்கு ஒரே தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துல குடியிருக்கான். உடனே பால்கோவா அனுப்பி வைங்கன்னு யாரும் எழுதாதீங்க. எனக்கே அது திகட்டும்.

கேட்டுல விரல் வைக்கணும்

பாண்டிக்கு அந்த வேன்தான் எல்லாம். காலையில கூமாப்பட்டியில ஆரம்பிச்சு, ஊர் ஊரா நின்னு ஆளை ஏத்தி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ள வந்து, மம்சாபுரம் விலக்குல கடைசியா ஒரு கூட்டத்தை ஏத்திக்கிட்டு ராஜபாளையம் மில் வாசல்ல இறக்கணும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும். மில்லுக்காரங்க மாசாமாசம் வாடகை குடுத்துருவாங்க.

முன்னாடி அவனும் அந்த மில்லுலதான் பிட்டர்கிட்ட வேலை பாத்தான். எவனோ கையைக் காட்டி 'அதை எடு, இதைப் பிடி'ன்னு சொல்றது அவனுக்கு ஆகாது. கோவக்காரன். என் கூடப் பிறந்தவன்ல, எப்படி இருப்பான்? பழைய வேன் ஒண்ணு விலைக்கு வந்ததும் வேலையை விட்டுட்டு வாங்கிட்டான். வாங்குன அன்னைக்கு என்னை முன் சீட்டுல உக்கார வச்சு ஊரைச் சுத்துனான். "இனிமே எவன் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்க்கா, ரோட்டைப் பாத்தாப் போதும்"ன்னான்.

மில்லு கேட்டுல விரல் வைக்கிற மிஷின் இருக்கு. ஷிப்டு மணி தாண்டி விரல் வச்சா, அந்தப் பிள்ளைகளுக்கு அரை நாள் கூலி போச்சு. வேன் லேட்டா வந்துச்சுன்னு மிஷின்கிட்ட சொல்ல முடியுமா?

வேனுக்கு வயசாகிப்போச்சு. ஓடிக்கிட்டே இருந்தா ஓடும், நின்னு கிளம்பத்தான் முக்கும். அவன் ரூட்டுலயோ நூறு கஜத்துக்கு ஒரு நிறுத்தம், ரெண்டு நிறுத்தத்துக்கு நடுவுல ஒரு வேகத்தடை. கிளம்பறதுக்குள்ள உசிரு போயிரும். அந்த வருஷம் மழைக்குப் பொறவு அடிக்கடி லேட்டாச்சு. மில் ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, இன்னும் இப்படியே லேட்டாச்சுன்னா பஸ் கம்பெனிக்காரங்களுக்குக் குடுத்துருவோம்னு.

இன்ஜினை இறக்கி முழுசா வேலை பாக்கணும். அதுக்குக் கையில காசு இல்ல. என்கிட்டயும் அப்ப இல்ல. வேன் ஓடலைன்னா பாண்டி இல்லைன்னு எனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டி ரெண்டு தடவை போன் பண்ணி, "மதினி, அவுக ராத்திரி தூங்கவே மாட்டேங்காக"ன்னு அழுதா.

எடையைக் குறைக்கிற யோசனை

ஒருநாள் மத்தியானம் செல்போனை நீட்டிக்கிட்டே பட்டறைக்குள்ள வந்தான். எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன் கார் இன்ஜின் முன்னால இருக்க புல்லியைக் கழட்டிட்டு, பளபளன்னு ஒரு அலுமினியப் புல்லியை மாட்டுறான். மாட்டிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கான். விர்ருன்னு ஏறுது.

"அக்கா, இதை நீ கடைஞ்சிருவியா?"

கேட்ட கேள்வியைப் பாருங்க! நான் மில்லுக்குக் கடையாத புல்லியா?

விஷயம் இதுதான். இன்ஜினுக்குள்ள கிராங்க் ஷாப்ட்டுன்னு ஒரு தண்டு சுத்தும், அதோட முன் முனையில ஒரு புல்லி இருக்கும். அதுல பெல்ட் ஓடி, டைனமோ புல்லியையும் தண்ணிப் பம்ப் புல்லியையும் சுத்தும். எல்லாம் நல்ல கனமான இரும்பு. வண்டி கிளம்பும்போது இன்ஜின் முதல்ல இம்புட்டையும் சுத்திவிட்டுட்டுத்தான் மிச்ச சக்தியில வண்டியை இழுக்கணும். இடுப்புல குடத்தோட எந்திரிக்கிறதுக்கும் வெறுங்கையோட எந்திரிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? அந்தக் கனத்தைக் குறைச்சா கிளம்புறது சுளுவாகும். புது சக்தி ஒண்ணும் வந்துறாது, இருக்கிறது வீணாகாது. பாண்டி கேட்டதும் அதுதான். நின்னா டக்குன்னு கிளம்பணும்.

காசில்லாதவனுக்கு ஏத்த வேலை. பழைய இரும்புக் கடையில தடிச்ச அலுமினிய உருளை கிடந்துச்சு. பண்டிகை லீவுல நாலு நாள் வேன் நின்னப்ப கழட்டுன இரும்புப் புல்லி மூணையும் அங்கேயே எடைக்குப் போட்டு, அதுக்கு ஈடா அலுமினியத்தை வாங்கியாந்தான். கூலி நான் கேக்கவா போறேன். கிட்டத்தட்ட சும்மாவே முடிஞ்ச மாதிரிதான். ரெண்டு பேருக்கும் அம்புட்டு சந்தோஷம். தேங்காய் பத்தை கடிச்சுக்கிட்டே வேலை பாத்தோம்.

எடைக்குப் போடுறதுக்கு முன்னால மூணையும் அளவெடுத்து வச்சிருந்தேன். டைனமோ புல்லியும் தண்ணிப் பம்ப் புல்லியும் சாதாரணம். கிராங்க் புல்லிதான் வேற மாதிரி இருந்துச்சு. நடுவுல தண்டுல மாட்டுற குடம், வெளியில பெல்ட் ஓடுற கனத்த வளையம், ரெண்டுக்கும் இடையில சுத்திவர ஒரு ரப்பர் பட்டை.

"இந்த ரப்பர் எதுக்குலே?"ன்னு கேட்டேன்.

"அது சத்தம் வராம இருக்கக்கா. கம்பெனிக்காரன் சொகுசுக்கு வைப்பான். நீ ஒரே பீஸாக் கடைஞ்சிரு."

அவன் அப்படிச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்லாட்டி அவனை நீங்க முட்டாப்பயன்னு நெனைச்சிருவீங்க.

ஆயுத பூஜைக்குக் கிடைச்ச தூக்குச்சட்டி

அவன் மில்லுல இருந்தப்ப நடந்தது. அங்க ஒரு மிஷினுக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்க இணைப்புல ரப்பர் புஷ் இருக்கும். அது தேஞ்சு தேஞ்சு போகும், மாசத்துக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்தணும். பாண்டி என்கிட்ட வந்து, ரப்பரே இல்லாம ஒரே இரும்பா ஒண்ணு கடைஞ்சு வாங்கிட்டுப் போய் மாட்டினான். சத்தம் கொஞ்சம் கூடுச்சு. ஆனா வருஷக்கணக்கா அசையாம ஓடுச்சு. அந்த வருஷ ஆயுத பூஜையில எல்லாரு முன்னாலயும் அவனைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி குடுத்தாங்க. சந்தனம் பூசுன கையோட அதை வாங்கிட்டு நேரா என் பட்டறைக்கு வந்துட்டான்.

மில்லுல வேலை பாத்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. ரப்பர் இருக்க இடம் சீக்கிரம் கெட்டுப்போற இடம், ஒரே பீஸ்னா ஆயுசுக்கும் நிக்கும். எங்க ஊர்ல இது வேதவாக்கு. நானும் அப்படி எத்தனை கடைஞ்சிருக்கேன்! அதனால அவன் சொன்னதுல எனக்குச் சந்தேகமே வரல.

தப்பு யாரு மேலன்னு தீர்ப்பு எழுதி யாரும் கடுதாசி போடாதீங்க. ரெண்டு பேருமே மில்லுல படிச்சதைத்தான் இன்ஜினுக்குச் செஞ்சோம்.

நல்லாத்தான் கடைஞ்சேன், அதுல குறை சொல்ல முடியாது. அலுமினியம் சுருள் சுருளா விழுந்துச்சு, தரையெல்லாம் மினுமினுன்னு கிடந்துச்சு. ஒரு கையில வச்சுப் பாத்தான் பாண்டி. கனமே தெரியல. "தக்கை மாதிரி இருக்குக்கா"ன்னு சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சான். வெள்ளிக்கிழமை பாத்து, புல்லிக்குச் சந்தனப் பொட்டு வச்சு மாட்டினோம். இன்ஜினைப் போட்டதும் பொட்டு எல்லாம் சேந்து மஞ்சளா ஒரு வட்டம் ஓடுச்சு.

பிக்கப் கூடுச்சா? கூடுச்சு. கொஞ்சம்தான், ஆனா கூடுச்சு. ரெண்டாவது கியர்ல வெரசா எந்திரிச்சுச்சு. வேன் நேரத்துக்குப் போய்ச் சேர ஆரம்பிச்சுது. கூமாப்பட்டியிலேர்ந்து வர்ற பேச்சியம்மா ஒரு பை நெறைய மாங்காயைக் குடுத்துவிட்டா, "வேனுக்கு றெக்கை வச்ச லேத்தக்காவுக்கு"ன்னு சொல்லி. எனக்கு ஒரே பெருமை. வர்ற போறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். சொல்லாம இருப்பேனா?

பல்லு கூசுது

ஒரு ரெண்டு மூணு மாசம் இருக்கும். பேச்சியம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சா.

"அண்ணே, வண்டியில உக்காந்தாப் பல்லு கூசுதுண்ணே."

"புளியங்காயைத் தின்னுட்டு வந்து என் வண்டியைச் சொல்லாத"ன்னு பாண்டி கேலி பண்ணியிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. ஆனா அவ சொன்னது நெசம். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்தா மட்டும் பொடிசா ஒரு நடுக்கம். அதுக்கு மேல போனா இல்ல, கீழ வந்தாலும் இல்ல. ஜன்னல் கண்ணாடி வண்டு மாதிரி முரலும். கம்பியைப் பிடிச்சா கை சிலுசிலுங்கும்.

பாண்டி இன்ஜின் உக்காந்திருக்க மவுண்டிங் ரப்பரை மாத்தினான். நடுக்கம் போகல. பெல்ட்டை மாத்தினான், போகல. கடைசியா, "நீயே வந்து பாருக்கா"ன்னான். முந்தின நாள் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய்த் தங்கி, காலையில அவன்கூடவே வண்டி ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினதும் இன்ஜின் மூடி மேல கையை வச்சேன். அந்த நடுக்கம் உள்ளங்கை வழியா முழங்கை வரைக்கும் ஏறுச்சு. லேத்துல வேலை பாக்கிறவளுக்குக் கைதான் காது. சாமானைப் பிடிச்சுச் சுத்துற சக்குல மாட்டுனது சரியில்லைன்னா இப்படித்தான் கைக்குத் தெரியும்.

"ஏலே, இது நல்லதுக்கு இல்ல. பழைய கிராங்க் புல்லியை மாட்டிருவோம்."

"பழசு எங்க இருக்கு? எடைக்குப் போட்டாச்சே."

"அப்ப புதுசு வாங்குவோம். மதுரையில கிடைக்கும்."

"ஞாயித்துக்கிழமை மில்லு லீவு. அன்னைக்குப் போய் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுதேன், சரியா?"

மெதுவா ஓட்டுனா லேட்டாகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மம்சாபுரம் விலக்குல நின்னு, அங்க காத்துக்கிட்டு இருந்த பிள்ளைகளை ஏத்தினான். கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை அமுக்கினான்.

அப்பத்தான் அந்த 'டங்'.

யாரும் திட்டல

பாண்டி கீழ இறங்கி வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தான். எண்ணெய் சொட்டுற சத்தம் எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சு. எந்திரிச்சவன் அந்தப் பிள்ளைக முகத்தைப் பாக்கல.

"எல்லாரும் இறங்கிக்கிடுங்கத்தா. பஸ்ஸு வந்தா ஏறிக்கிடுங்க."

வந்த டவுன் பஸ்ஸுல படியில கால் வைக்க இடமில்ல. நாலஞ்சு பேரு தொத்திக்கிட்டுப் போனாங்க. கொஞ்சப் பேரு ஒரு ஆட்டோவுல அடைஞ்சு போனாங்க. மிச்சப் பேரு ரோட்டோரத்துல நின்னாங்க. மணி ஆகிக்கிட்டே இருந்துச்சு. அரை நாள் கூலி போகுதுன்னு அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். அவங்க கேக்கல. பேச்சியம்மா தண்ணி பாட்டிலைத் திறந்து பாண்டிகிட்ட நீட்டினா. "குடிங்கண்ணே, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு"ன்னா. அவன் வாங்கல. திரும்பி நின்னுக்கிட்டான்.

வேனைக் கட்டி இழுத்துட்டு வந்து ராஜபாளையத்துல ஜோசப் மெக்கானிக் ஷெட்டுல விட்டோம். அவரு எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம், ஆனா சிடுமூஞ்சி. இன்ஜினை இறக்கிப் பிரிச்சப்ப நான் கூடவே நின்னேன். கிராங்க் ஷாப்ட் ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. மணிக்கட்டு தண்டி இரும்பு அது. உடைஞ்ச இடம் ஒரு பக்கம் வழவழன்னு கறுத்துப்போய், மறு பக்கம் சொரசொரன்னு வெள்ளையா இருந்துச்சு. ஒரே நாள்ல உடையல, கொஞ்சங் கொஞ்சமா விரிசல் ஓடியிருக்கு. பேச்சியம்மாவுக்குப் பல்லு கூசுன நாள்லேர்ந்தே ஓடியிருக்கும்.

ஜோசப் அண்ணன் அலுமினியப் புல்லியைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ரப்பர் எங்க?"

"அது சத்தத்துக்குத்தானேண்ணே," பாண்டிதான் சொன்னான்.

"சத்தத்துக்கா? யாரு சொன்னா உனக்கு? அது இன்ஜினோட உதறலைக் குடிக்கிறதுக்குல்ல!"ன்னு கத்துனாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரு முகத்தையும் பாத்துட்டு, "சரி விடு"ன்னு அந்தப் பக்கம் போயிட்டாரு.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. மில்லுல சுத்துறது மோட்டார். ஒரே சீரா சுத்தும், அதுல உதறல் கிடையாது. இன்ஜின் அப்படியா? ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க்கை ஒரு உதை உதைக்குது. அந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாம முறுக்கி முறுக்கி நிமிருது. அந்த முறுக்கை வாங்கிக்கிடத்தான் ரப்பரும் அதுக்கு வெளியில அந்தக் கனத்த வளையமும். நாங்க வீணுன்னு நெனைச்ச கனம் கிராங்க்கைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. மத்த ரெண்டு புல்லியோட நிறுத்தியிருந்தா இந்நேரம் வேன் ஓடிக்கிட்டு இருக்கும். இதை நெனைக்காத நாள் கிடையாது.

இப்ப

வாடகை வேன் ஒண்ணை வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்தான் பாண்டி. கட்டுபடியாகல. அடுத்த திங்கக்கிழமை பஸ் கம்பெனிக்காரன் பஸ் வந்துருச்சு. வேனுக்கு வேற இன்ஜின் தேடினோம், கிடைச்சதுக்குக் காசில்ல. ஷெட்டுல எம்புட்டு நாள் போட்டு வைக்க முடியும்? கடைசியில பழைய இரும்புக்குத்தான் போச்சு. எடையைக் குறைக்கணும்னு அம்புட்டுப் பாடுபட்டோம், இரும்புக் கடைக்காரன் வேனையே எடை போட்டு வாங்கிட்டுப் போனான். அன்னைக்குப் பாண்டி வரல, நான்தான் நின்னேன்.

என்னை அவன் ஒரு சொல் சொல்லல. 'நீ கடைஞ்சதுதானேக்கா'ன்னு ஒரு தடவை கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு அழுது முடிச்சிருப்போம். ஒண்ணும் சொல்லாம இருக்கான். பட்டறைப் பக்கம் வர்றதே இல்ல. போன் பண்ணினா, "நல்லாருக்கேன்க்கா, பொறவு பேசுதேன்"னு வச்சிருதான்.

இப்ப அவன் அதே மில்லுல வேலைக்குச் சேந்துட்டான். அதே கேட்டுல விரல் வைக்கான். அந்தப் பஸ்ஸுலதான் போறான், வாரான்.

போன ஞாயித்துக்கிழமை பேச்சியம்மா கிரைண்டர் ராடு தேஞ்சுபோச்சுன்னு கொண்டாந்தா. குடுத்துட்டுப் போகாம நின்னுக்கிட்டே இருந்தா.

"என்னட்டி?"ன்னேன்.

"ஒண்ணு சொல்லுதேன், மனசு சங்கடப்படாதீயக்கா. பாண்டியண்ணன் பஸ்ஸுல உக்காரவே மாட்டேங்காவ. நாங்க தினமும் அவியளுக்கு சீட்டு பிடிச்சு வைக்கோம். அவிய முன்னாடி டிரைவருக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு வாராவ. எதுக்க லாரி கீரி வந்தா வலது காலு அமுக்குது."

"எதை அமுக்குது?"

"ஒண்ணுமில்ல, வெறுந்தரையத்தான். பிரேக்க அமுக்குற மாதிரி."

அவ முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா:

"நாங்க யாரும் பாத்த மாதிரி காட்டிக்கிடலக்கா. அந்நேரம் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுதோம்."